ஆயாக்கொட்டகையும் மாண்டிசோரி அம்மையாரும்

நமது அறவாரியத்தின் பாலர் வகுப்பைப் பார்க்க வரும் அன்பர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஐயா, பிள்ளைகள் துடைப்பம் பிடித்துக் கூட்டுகிறார்களே, பாத்திரம் கழுவுகிறார்களே, இதற்கா நன்கொடை கொடுத்தோம்?" என்பார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. தோட்டத்தில் பிறந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் அது. நானும் போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். துடைப்பமும் காண்டா வாளியும் எங்களோடு ஒழியட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளாத தாய்மார் எங்கள் லயத்தில் இல்லை. ஆகவே இந்த மலரில் அக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறேன்.

முதலில் ஆயாக்கொட்டகையை நினைவுபடுத்திக்கொள்வோம். விடியுமுன்னே பெரட்டு. அம்மா கைக்குழந்தையை இடுப்பில் சுமந்து வந்து கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்காட்டுக்குப் போவாள். வரிசையாக ஏணைகள் தொங்கும். மரம் வெட்ட முடியாத வயதான பாட்டி ஒருவர்தான் ஆயா. அவர் பால் கலக்கிக் கொடுப்பார், அழுதால் ஆட்டுவார், ஓடினால் அதட்டுவார். அவ்வளவுதான் அவரால் முடியும். ஏணையை விட்டு இறங்கிய மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்துத் தரவேண்டும் என்றது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருக அதுவும் ஒரு காரணம். ஆனால் சட்டம் கணக்கில் எடுத்த பள்ளி வயது ஏழிலிருந்து தொடங்கியது. அதற்கு முந்திய வயது ஆயாவின் பொறுப்பு. பாலர் கல்வி இந்நாட்டுத் தேசியக் கல்வி முறைக்குள் முறையாக வந்தது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் மூலம்தான். அதற்குள் எத்தனை தலைமுறை கொட்டகையிலிருந்து நேராக முதலாம் வகுப்புக்குப் போய்விட்டது!

இனி மாண்டிசோரி அம்மையாரிடம் வருவோம். இப்பெயரைக் கேட்டதும் பட்டணத்தில் குளிர்சாதன அறையும் எட்டாத கட்டணமும் உள்ள ஆங்கிலப் பாலர் பள்ளிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. தொடக்கம் அப்படியன்று. மரியா மாண்டிசோரி 1870-இல் இத்தாலியில் பிறந்து, 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். ரோம் நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதி. தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் தனித்து விடப்பட்ட பிள்ளைகள் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். குடியிருப்பின் உரிமையாளர்கள், பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி அம்மையாரிடம் வேண்டினார்கள். 1907 ஜனவரி 6-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள். பார்த்துக்கொள்ள, பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். அன்பர்களே, இது ஆயாக்கொட்டகை அல்லாமல் வேறென்ன?

அங்கே அம்மையார் ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒரு பாடம் நடத்தினார். கைக்குட்டையை மடிப்பது, சத்தமில்லாமல் சிந்துவது, அவ்வளவே. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்களாம். மூக்கு ஒழுகுகிறது என்று அதுவரை எல்லாரும் அவர்களைத் திட்டியிருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் மதித்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் வகுப்பில் துடைப்பம் ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தரும் துடைப்பம் அவன் உயரத்துக்கு ஏற்றது. கூட்டச் சொல்லி யாரும் ஏவுவதில்லை. அவனே எடுப்பான், முடித்ததும் எடுத்த இடத்தில் வைப்பான். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு அரிசியை ஊற்றிப் பழகிய கை, பிறகு தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றும். மணிக்கட்டு நிலைக்கிறது, கண் ஒரே இடத்தில் நிற்கிறது. எழுதுகோல் பிடிப்பதற்கு அதுவே முன்வேலை. குவளை பீங்கானாகவே இருக்கவேண்டும். விழுந்தால் உடையும் என்று தெரிந்தால்தானே கை கவனமாகும்?

எழுத்தும் இப்படியே. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவி ஒலியைச் சொல்லும். வளைவு குறைந்த ட, ப, ம ஆகியவற்றை நாங்கள் முதலில் தருகிறோம். விஜயதசமியன்று பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்களே, விரல் முந்தி எழுதுகோல் பிந்தி என்பது நமக்குப் புதிதா? நாம் அதை ஒருநாள் சடங்காக நிறுத்திக்கொண்டோம்.

அம்மையாருக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியரின் அழைப்பில் 1939-இல் சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்தார். முந்நூறு பேருக்குக் குறையாமல் அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மாரியோவை அகமத்நகரில் சிறைவைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவித்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு பணி செய்தார். ஓர் இலையில் தொடங்கி உலக வரலாறு வரை ஒரே நூலில் கோத்துச் சொல்லும் கல்விமுறை அந்த மலையில்தான் உருப்பெற்றது.

அதை வைத்துத்தான் எங்கள் பெரிய பிள்ளைகளின் ரப்பர் விதைத் திட்டம் நடந்தது. தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. எஞ்சிய சில மரங்களின் கீழ் விதை பொறுக்கினோம். காம்புக்கு மூன்று சிற்றிலை, காய்க்கு மூன்று அறை, மூன்று விதை. முற்றிய காய் 'படார்' என வெடிப்பதைக் கேட்கக் காத்திருந்தார்கள். (விதையைச் சிமெந்துத் தரையில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைக்கும் பழைய கலையை நான் கற்றுக்கொடுத்தேன். ஆசிரியைக்கு வருத்தம்.) பிறகு நீளக் காகிதத்தில் காலக்கோடு: 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போன விதை, 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகள், அவற்றில் கோலகங்சாரில் நட்ட ஒன்பது. அதன்பின் கோடு அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. யார் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார் என்று கேட்டு வந்து ஒட்டினார்கள். ஒரு சிறுமி கொண்டு வந்தது பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையின் நகல். இந்த மண்ணில் ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டியவருக்குக் குடியுரிமை இல்லை என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அந்த விண்ணப்பம் இப்போது எங்கள் செயலாளர் கையில்.

அந்தப் பாட்டிதான் துடைப்பத்தை எதிர்த்தவர்களில் முதல்வர். "நான் பட்டது போதாதா?" என்று வாசலில் நின்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் பேத்தி குவளையைக் கழுவி, கட்டைவிரலை உள்ளே விட்டுச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "மங்கு இப்படித் துடைக்கக் கூடாது, அடியிலிருந்து வரணும்" என்று பாட்டி எழுந்து போய்க் காட்டிக் கொடுத்தார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வந்து பூத்தொடுக்கவும் கற்றுத் தருகிறார். எல்லாரும் இப்படி மாறிவிடவில்லை. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஒரு வகுப்பில் மூன்று முதல் ஆறு வயது வரை கலந்தே இருக்கும். பெரியவள் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள். ஒவ்வொரு கருவியும் ஒன்றுதான் இருக்கும். ஒருவன் வைத்திருந்தால் மற்றவன் காத்திருக்கவேண்டும். காலையில் இரண்டரை, மூன்று மணி நேரம் மணியடித்து இடைமறிப்பதில்லை. மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம், தடுக்கச் சட்டமில்லை. ஆகவே பலகையைப் பாராமல் இவற்றைப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கட்டைகள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரத்தை நம் ஊர்த் தச்சரே அளவு பிசகாமல் செய்து தந்தார். செலவு அதில் இல்லை. ஆசிரியையின் பயிற்சியில் இருக்கிறது. மின்விசிறிக்கும் குழல்விளக்குக்கும் உபயம் தர அன்பர்கள் முந்துகிறார்கள், பெயர் எழுத இடமிருக்கிறது. ஆசிரியையின் பயிற்சிமேல் பெயர் எழுத முடியாது. இந்த ஆண்டு இருவரை அனுப்ப வேண்டும். ஒருவருக்கே பணம் சேர்ந்துள்ளது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். பின்வரிசையில் நாற்காலி போட்டிருக்கும். ஒரு பிள்ளை தட்டில் குவளை வைத்துத் தண்ணீர் கொண்டு வருவான். வர நேரமாகும், சிந்தக்கூடாதல்லவா? வாங்கிக் குடியுங்கள். "பாவம், பிள்ளையை வேலை வாங்குகிறார்களே" என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.