உறுதி உண்டு, உரித்து உண்டா?

காணி வாங்குவோரும் விற்போரும் – 9

மாத்தளைப் பக்கம் காணி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் கள்ள உறுதியால் ஏமாந்தவர்கள் அல்லர். நொத்தாரிசு முறைப்படி எழுதி, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டு, காணிப் பதிவகத்தில் பதிவான அசல் உறுதியை வைத்துக்கொண்டே வழக்கில் தோற்க முடியும். விற்பவருக்கு என்ன உரித்து இருக்கிறதோ அதை மட்டுமே உறுதி கைமாற்றும் என்பதுதான் காரணம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், உறுதி எந்த முறையில் எழுதப்பட வேண்டும் என்று சொல்கிறது. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம், ஒருவரே இருவருக்கு எழுதிக்கொடுத்தால் முந்திப் பதிந்தவருக்கு முன்னுரிமை தருகிறது. எழுதிக்கொடுத்தவர் உண்மைச் சொந்தக்காரர்தானா என்று இரண்டு சட்டமும் விசாரிப்பதில்லை. 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டப்படி, ‘பிம்சவிய’ திட்டத்தில் சான்றிதழ் பெற்ற காணிகளின் நிலை வேறு. ஆனால் அத்திட்டம் இன்னும் எல்லாக் கிராமங்களையும் எட்டவில்லை. மற்றக் காணிகளுக்கு விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது.

வழக்கமாகப் பதிவேட்டில் முப்பது ஆண்டுகள் பின்னோக்கித் தேடுவார்கள். மாத்தளை மாவட்டத்துக்கு அது போதாது என்பதே என் வாதம். இங்குள்ள காணிகளின் தலையெழுத்தை நிர்ணயித்த சட்டங்கள் அந்த முப்பது ஆண்டுக்கு அப்பால் நிற்கின்றன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காடும் தரிசும் முடிக்குரியவை என அனுமானித்தது. கண்டிய மாகாணங்களில் சேனை நிலத்துக்கு உரிமை கோருபவர் சன்னஸ், அரச அளிப்பு அல்லது வழமையான வரி செலுத்தியதற்கான சான்று காட்ட வேண்டும் என்றது. லக்கல மலைச்சரிவில் பாட்டன் காலத்திலிருந்து சேனை செய்தோம் என்பது மட்டும் உரித்தாகாதது இதனால்தான். அடுத்தது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். கலேவெலப் பகுதியின் தேவஹுவ போன்ற குடியேற்றத் திட்டக் காணிகளும், கிராம விரிவாக்கத்தில் பகிர்ந்த துண்டுகளும் பெரும்பாலும் இதன்கீழ் வருபவை. பெர்மிட் காணியை விற்கவே முடியாது. ஸ்வர்ணபூமி, ஜயபூமி அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. இவற்றை முழு உரிமையாக்குவதாக ‘உருமய’ திட்டம் 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் தொடங்கியது உண்மை. அறிவிப்பை நம்பி விலை பேசக்கூடாது. விற்பவர் பெயரில் முழு உரிமைப் பத்திரம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம். தனியார் உரிமைக்கு 50 ஏக்கர், வயலானால் 25 ஏக்கர் என அது உச்சவரம்பு வைத்தது. மிஞ்சியது காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம் போனது. ரத்தொட்டையிலோ உக்குவெலையிலோ பழைய தோட்டமொன்றைத் துண்டுபோட்டு விற்கிறார்கள் என்றால், அந்தத் துண்டு சொந்தக்காரர் தமக்கென வைத்துக்கொண்ட பாகமா, ஆணைக்குழுவுக்குப் போன பாகமா என்பதே முதற் கேள்வி. முப்பது ஆண்டுத் தேடல் அந்தக் கேள்வியைத் தொடுவதேயில்லை.

அரசோடு தொடர்பில்லாத பரம்பரைக் காணியிலும் சிக்கல் உண்டு. உறுதியில் ‘பிரிபடாத பன்னிரண்டில் ஒரு பங்கு’ என்றிருக்கும். காட்டுவதோ வேலியடைத்த ஒரு மூலை. வாங்கியவர் அந்த மூலைக்கல்ல, முழுக் காணிக்கும் பங்காளியாகிறார். 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி வழக்கு நிலுவையில் இருந்தால், அந்தப் பங்கைக்கூட விற்க முடியாது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டவர் எழுதிய நன்கொடை உறுதி இன்னொரு பொறி. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, கொடுத்தவர் உயிரோடிருக்கும்வரை அதை ரத்துச் செய்யலாம். பெற்றவரின் சம்மதம் தேவையில்லை. மகனுக்குத் தகப்பன் நன்கொடையாகக் கொடுத்த காணியை மகனிடம் வாங்குபவர், தகப்பனையும் ஒப்பமிடச் செய்வது புத்தி.

பத்து வருஷம் இருந்துவிட்டால் நமக்குத்தானே என்பார்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டத்தில் அந்தப் பத்து வருஷம் உண்டு. ஆனால் அரச காணிக்கு எதிராக அது ஓடாது. 1931ஆம் ஆண்டின் சட்டம் விகாரைக் காணிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. பங்காளிகளிடையே, ஒருவர் இருப்பது எல்லோர் சார்பிலும் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் தீர்த்துவிட்டது. நொத்தாரிசு பார்த்துக்கொள்வார் என்பது இன்னொரு நம்பிக்கை. செலவுக்கு அஞ்சித் தேடல் வேண்டாமென்று சொல்லிவிட்டால், அவர் உரித்தைப் பரிசீலிக்காமலே எழுதிவிடலாம். உறுதி சிங்களத்தில் இருந்து அதை வாசிக்கத் தெரியாவிட்டால், தேடல் செய்யப்படவில்லை என்ற குறிப்பு அதில் இருப்பதும் தெரியாது.

எடைபோட வேண்டிய ஆட்சேபம் வேறொன்று. இவ்வளவு பார்த்தால் கிராமத்தில் யாரும் காணி வாங்க முடியாது. சேமலாப நிதிப் பணத்தோடு தோட்ட லயத்தை விட்டு வெளியேறி, பத்துப் பேர்ச் தேடும் குடும்பத்துக்கு இது கதவடைப்பு என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இன்னொரு முறை வாங்க வழியில்லாதவருக்கே ஒரு தவறின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. குறையுள்ள காணியெல்லாம் தள்ளவேண்டியதும் அல்ல. பங்காளிகள் எல்லோரும் ஒப்பமிட்டு, அளவையாளரின் வரைபடத்தோடு இணக்கப் பிரிவினை உறுதி எழுதலாம். அளிப்புக் காணிக்குச் சம்மதம் பெறலாம். இந்தச் செலவை விற்பவர் முன்கூட்டியே ஏற்பது அவருக்கும் லாபம். குறைபட்ட உரித்துக்கு விலை குறையும். அதோடு, வாங்கியவரை உண்மை உரிமையாளர் வெளியேற்றினால், உரித்துக்கு உத்தரவாதம் தந்த விற்பனையாளர் இழப்பீடு தர நேரும்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். விலை பேசி, முற்பணம் கொடுத்து, பிறகு உறுதியைப் பார்ப்பதுதான் ஊர் வழக்கம். துண்டுக் கடதாசியில் எழுதிய முற்பண ஒப்பந்தத்தைக் காட்டி, காணியை எழுதித்தா என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. அதையும் நொத்தாரிசுதான் எழுத வேண்டும். அதற்கும் முன்னதாகப் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும், பழைய தோட்டமாயின் ஆணைக்குழுவின் அலுவலகத்திலும், நில அளவைத் திணைக்களத்தின் கிராம வரைபடத்திலும் அந்தத் துண்டின் பிறப்பைக் கேட்டறிய வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு பேசும் விலையே நியாய விலை.

(அடுத்த வாரம்: எல்லைக்கல்லும் பாதை உரிமையும்)