பாடநூல் தேர்வும் மாணவர் விருப்பமும்

பள்ளியிற் பயிலும் நூல்களை மாணவரே தேர்ந்துகொள்ளலாமா என்னும் வினாவிற்கு உ. வே. சாமிநாதையர் வாழ்வு விளக்கம் தருகின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் முதலியவற்றை வேட்கையோடு கற்றார். சீவக சிந்தாமணி அப்பயிற்சியில் இடம்பெறவில்லை. 1880-இல், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான பின்னர், சேலம் இராமசாமி முதலியார் வினவியதாலேயே அதனைப் பயிலத் தொடங்கினார், 1887-இல் பதிப்பித்தார்.

இதனால் நாம் அறிவன இரண்டு. ஆசிரியர் வகுக்கும் நூல்வரிசை, அவர் எத்துணைப் புலமையுடையராயினும், முழுமையுறாது. மாணவர் விருப்பமோ தாம் கண்ட நூல்களின் எல்லையைக் கடவாது. காணாத நூலை விரும்புவார் யார்? ஆதலின், இன்றியமையாத சிலவற்றை ஆசிரியர் வகுக்க, ஏனையவற்றை மாணவர் தேர்தலே முறையென்பது நம் கருத்து. ஆயின், தேர்வுரிமை வழங்குமுன் நூற்பரப்பினை அவர்க்குக் காட்டுதல் வேண்டும்.