ஏஎம்பி-செயலூக்கக் கைனேசும் மனித நோய்களும்

ஏஎம்பி-செயலூக்கக் கைனேசு (சுருக்கமாக ஏஎம்பிகே) என்பது உயிரணுக்களின் ஆற்றல் இருப்பைக் கண்காணித்து, அதற்கேற்ப வளர்சிதைமாற்றத்தை நெறிப்படுத்தும் ஒரு நொதி ஆகும். மனிதரில் மட்டுமன்றி விலங்குகள், தாவரங்கள், ஈஸ்ட் ஆகியவற்றிலும் இதுவோ இதனை ஒத்த நொதிகளோ காணப்படுகின்றன. சர்க்கரை, கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றின் பயன்பாட்டிலும் இந்நொதி தலையிடுகிறது. இதனால் நீரிழிவு, இதயத்தசை நோய், புற்றுநோய் எனப் பல நோய்களுடன் இது தொடர்புபடுத்தப்படுகிறது.

செயற்படும் முறை

ஏடிபி மூலக்கூறில் உள்ள பாசுபேட்டுத் தொகுதி ஒன்றை எடுத்து வேறொரு மூலக்கூறின் மீது ஏற்றும் நொதிகள் கைனேசுகள் எனப்படுகின்றன. பாசுபேட்டு ஏறியதும் அந்தப் புரதத்தின் செயல் கூடவோ குறையவோ செய்யும். எனவே கைனேசுகள் உயிரணுவின் நிலைமாற்றிகளாகக் கருதப்படுகின்றன.

ஏடிபி உயிரணுவின் ஆற்றல் நாணயம் ஆகும். அது செலவாகும்போது ஏடிபி ஏடிபியாகவே நீடிப்பதில்லை. பாசுபேட்டுகளை இழந்து, இறுதியில் ஏஎம்பி என்னும் மூலக்கூறு உருவாகிறது. ஏடிபியின் அளவு சிறிது குறைந்தாலும் ஏஎம்பியின் அளவு பல மடங்கு உயரும். ஆகவே ஆற்றல் பற்றாக்குறையை அறிவிக்க ஏஎம்பி நல்ல அடையாளமாகிறது.

ஏஎம்பிகே ஆல்ஃபா, பீட்டா, காமா என்னும் மூன்று துணையலகுகளால் ஆனது. காமா துணையலகில் ஏஎம்பி இணைந்ததும் நொதி தூண்டப்படுகிறது. முழு வேகத்தில் இயங்க, ஆல்ஃபா துணையலகின் மீது பாசுபேட்டு ஏற்றப்பட வேண்டும். இப்பணியைச் செய்வது எல்கேபி1 என்னும் மற்றொரு கைனேசு என்பது 2003 இல் கண்டறியப்பட்டது.

தூண்டப்பட்ட ஏஎம்பிகே ஆற்றலைச் செலவிடும் வேலைகளை நிறுத்தி, ஆற்றலை ஈட்டும் வேலைகளை முடுக்குகிறது:

* கொழுப்பு அமிலங்கள், கொலஸ்டிரால் ஆகியவற்றின் உற்பத்தி குறைகிறது.
* கொழுப்பு அமிலங்கள் எரிக்கப்படுவது கூடுகிறது.
* தசைகள் இரத்தத்திலிருந்து குளுக்கோசை உள்வாங்குவது கூடுகிறது.
* புரத உற்பத்தியும் உயிரணு வளர்ச்சியும் மட்டுப்படுகின்றன.
* பழுதடைந்த உள்ளுறுப்புகளை உயிரணு தானே செரித்துக்கொள்ளும் செயல் தூண்டப்படுகிறது.

கண்டுபிடிப்பு

1973 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இரு குழுக்கள் தனித்தனியே இந்நொதியின் செயலைக் கண்டன. ஒரு குழு கொழுப்பு அமில உற்பத்தியையும், மற்றொன்று கொலஸ்டிரால் உற்பத்தியையும் ஆராய்ந்து வந்தன. இரண்டையும் தடுப்பது ஒரே நொதியே என்பதை இசுக்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் ஆர்டியின் குழு 1987 இல் காட்டியது. உடற்பயிற்சியின்போது தசைகளில் இந்நொதி தூண்டப்படுவது 1996 இல் அறியப்பட்டது.

நீரிழிவு நோயில் பங்கு

இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்கு மிகப் பரவலாகத் தரப்படும் மாத்திரை மெட்ஃபார்மின் ஆகும். இது 1957 முதல் மனிதரில் பயன்பட்டு வருகிறது. இது கல்லீரல் உயிரணுக்களில் ஏஎம்பிகேயைத் தூண்டுவது 2001 இல்தான் தெரிய வந்தது. மெட்ஃபார்மின் நேரடியாக இந்நொதியுடன் இணைவதில்லை. இழைமணிகளில் ஆற்றல் உற்பத்தியைச் சிறிது தடுப்பதால் ஏஎம்பி உயர்ந்து, நொதி தூண்டப்படுகிறது. ஆயினும், கல்லீரலில் ஏஎம்பிகே நீக்கப்பட்ட எலிகளிலும் இம்மருந்து குளுக்கோசைக் குறைப்பது 2010 இல் காட்டப்பட்டது. எனவே மருந்தின் முழு விளைவுக்கும் இந்நொதியைக் காரணமாகக் கூற முடியாது.

இவ்வினாவுடன் தொடர்புடைய ஒரு முக்கிய ஆய்வு தமிழ்நாட்டில் நடைபெற்றது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் சென்னையில் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். மூன்றாண்டுகளில் நீரிழிவு ஏற்பட்டோரின் விழுக்காடு வருமாறு:

* வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோர்: 55.0
* நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோர்: 39.3
* மெட்ஃபார்மின் உட்கொண்டோர்: 40.5
* இரண்டையும் மேற்கொண்டோர்: 39.5

நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மருந்துக்கு ஈடான பயனைத் தந்தன. இரண்டையும் சேர்த்தபோது பயன் கூடவில்லை. உடற்பயிற்சி, மெட்ஃபார்மின் ஆகிய இரண்டும் ஏஎம்பிகேயைத் தூண்டுபவை என்பதால், அவை ஓரளவு ஒரே பாதையில் செயற்படுகின்றன எனக் கருத இடமுண்டு. எனினும் இவ்வாய்வு நோய் ஏற்பட்டோரையே கணக்கிட்டது. நொதியின் செயலை அளவிடவில்லை. ஆகவே இது கருதுகோள் மட்டுமே. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023 இல் மதிப்பிட்டது. இந்நிலையில் சென்னை ஆய்வின் முடிவு தனிச் சிறப்புப் பெறுகிறது.

இதய நோயில் பங்கு

காமா துணையலகின் ஒரு வகையை உருவாக்கும் மரபணுவில் ஏற்படும் திடீர்மாற்றங்கள் பரம்பரை இதயத்தசை நோயை உண்டாக்குவது 2001 இல் கண்டறியப்பட்டது. இந்நோயாளிகளின் இதயத்தசையில் கிளைக்கோசன் தேங்கி, சுவர் தடிப்படைகிறது. இதயத் துடிப்பின் சீரும் குலைகிறது. ஆற்றல் குறையாதபோதும் நொதி இயங்கிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

புற்றுநோயில் பங்கு

ஏஎம்பிகேயைத் தூண்டும் எல்கேபி1 நொதியின் மரபணு பழுதடைந்தால், குடலில் கட்டிகள் தோன்றுவதும் புற்றுநோய் வாய்ப்பு மிகுவதுமான பியூட்சு-ஜெகர்சு கூட்டறிகுறி ஏற்படுகிறது. உயிரணு வளர்ச்சியை மட்டுப்படுத்துவதால் ஏஎம்பிகே கட்டிகளுக்கு எதிரானது எனக் கருதப்பட்டது. ஆனால் கட்டி உருவான பின், ஆக்சிசனும் உணவும் போதாத சூழலில் புற்றுநோய் உயிரணுக்கள் பிழைத்திருக்கவும் இதே நொதி உதவக்கூடும்.

மருந்தாக்கத்தில் உள்ள இடர்

இந்நொதியை நேரடியாகத் தூண்டும் எம்கே-8722 என்னும் சேர்மம் எலிகளிலும் குரங்குகளிலும் இரத்த குளுக்கோசைக் குறைத்தது. அதே வேளையில் இதயத்தைப் பெரிதாக்கி, அங்கு கிளைக்கோசனையும் கூட்டியது. 2017 இல் வெளியான இம்முடிவு மேற்கூறிய பரம்பரை நோயை நினைவூட்டுவதாக அமைந்தது. தசையில் நன்மை செய்யும் தூண்டல் இதயத்தில் தீங்காகலாம் என்பதால், குறிப்பிட்ட உறுப்பில் மட்டும், குறிப்பிட்ட துணையலகின் மீது மட்டும் செயற்படும் மருந்துகள் தேவைப்படுகின்றன. உடற்பயிற்சியின்போது இந்நொதி வேலை செய்யும் தசையில், தேவைப்படும் நேரத்தில் மட்டும் தூண்டப்பட்டு, ஓய்வில் அடங்கிவிடுகிறது.