நவிரமலைப் பெருமானும் ஒரு பழந்தமிழ் நூலும்

திருநூல்கள் என்றவுடன் வேதங்களும் உபநிடதங்களும் ஆகமங்களும் புராணங்களும் அன்பர்களின் நினைவுக்கு வருகின்றன. இறைவனின் இயல்பையும் வழிபாட்டு முறையையும் உயிர் உய்யும் நெறியையும் அவை உரைக்கின்றன. இறைவன் எழுந்தருளியிருக்கும் இடத்தை நோக்கி நடப்பவன் வழியில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், உடன் வருவோரை எப்படிக் காக்க வேண்டும், பின்னால் வருவோருக்கு என்ன செய்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பவற்றை உரைக்கும் பழைய நூல் ஒன்றும் தமிழில் உண்டு. அதில் வரும் மலை, புராணத்தில் மட்டும் காணும் மலையன்று. ஜவ்வாது மலைத் தொடரை ஒட்டி, திருவண்ணாமலை மாவட்டத்தில், இன்றும் ஆயிரக்கணக்கானோர் ஏறிச் சென்று வழிபடும் பர்வதமலையே அது என்பது அறிஞர் கருத்து.

அந்நூல் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் பத்தாவதாக அமைந்த இது 583 அடிகளை உடையது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன், பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னன். அவனுடைய ஊராகிய செங்கண்மாவே இன்றைய செங்கம். ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தின் வழியே ஓடும் செய்யாறு, இந்நூலில் சேயாறு என்னும் பெயருடன் வருகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வறுமையுடன் வரும் கூத்தர் குடும்பத்திற்கு வழி சொல்வதாக நூல் அமைந்திருப்பதால் இதற்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. மலையில் எழும் பலவகை ஓசைகளை யானையின் மதநீருக்கு உவமித்ததால் மலைபடுகடாம் எனப்பட்டது.

வழியின் தன்மை, கிடைக்கும் உணவு, நன்னனின் கொடை, அவன் அவைக்களத்தின் சிறப்பு ஆகியவற்றைக் கூறப் புகும் அந்தக் கூத்தன், அவற்றோடு ஒன்றாக நவிரமலையில் உறையும் கடவுளின் இயல்பையும் கூறுவதாகச் சொல்கிறான். புலவர் அக்கடவுளைப் பெயரால் சுட்டவில்லை. ‘காரி உண்டிக் கடவுள்’ என்று செயலால் சுட்டுகிறார். காரி என்பது நஞ்சு. பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை உண்டு உலகைக் காத்த பெருமான் என்பது பொருள். புராணங்களில் விரிவாகக் கேட்கும் திருநீலகண்ட வரலாற்றின் கரு, சங்கத் தமிழில், அதுவும் இப்பகுதி மலை ஒன்றின் தெய்வமாக, இரண்டே சொற்களில் அடங்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. பர்வதமலை உச்சியில் இன்று மல்லிகார்ச்சுனர் என்னும் திருநாமத்துடன் அப்பெருமானும், பிரமராம்பிகை என்னும் திருநாமத்துடன் அம்மையும் எழுந்தருளியுள்ளனர். கருவறையில் அடியவரே தம் கையால் நீரும் மலரும் இட்டு வழிபடும் வழக்கம் இத்தலத்தின் தனிச்சிறப்பு.

இனி, நூல் கூறும் வழிநடை ஒழுக்கத்தைக் காண்போம். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தினைப்புனத்தைப் பன்றிகளிடமிருந்து காக்கக் குறவர்கள் பெருங்கல்லால் பொறி அமைத்திருப்பர். ஆகவே இருளில் நடக்க வேண்டாம், தங்கியிருந்து விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான் வழிகாட்டும் கூத்தன். பாம்பு ஒடுங்கியிருக்கும் குழிகள் உள்ள இடத்தில், அதனை அடிக்கவோ விரட்டவோ சொல்லவில்லை. உடன் வரும் விறலியர் கைதொழுது வாழ்த்த, நெறியைச் சற்றே விலகி வலமாகக் கடந்து செல்லச் சொல்கிறான். மலை அவ்வுயிருக்கும் உரிய வீடு என்னும் எண்ணம் அச்சொற்களில் இருக்கிறது. பாசி படிந்து வழுக்கும் இடங்களில் மூங்கிலையும் கொறுக்கையையும் பற்றிக்கொண்டு, சிறு பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்தபடி செல்லுங்கள் என்று அவன் கூறும் இடம், பர்வதமலையின் கடப்பாறைப் படிகளிலும் ஏணிப் படிகளிலும் ஏறியவர்களுக்கு நன்கு விளங்கும். முன்னால் ஏறுபவர் கைகொடுக்க, பின்னால் நிற்பவர் தாங்க, முன்பின் அறியாதவரும் அங்கே உறவினராகிவிடுகின்றனர்.

மலைவாழ் மக்களிடம் நன்னனைக் காணச் செல்வதாகச் சொன்னால் போதும். தம் சொந்த வீட்டில் நுழைவது போல நுழையலாம், தினைச்சோறு கிடைக்கும் என்றும் கூத்தன் உறுதி கூறுகிறான். இன்றைய ஜவ்வாது மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைவிக்கின்றனர். தேனும் புளியும் அவர்கள் வாழ்வோடு இணைந்தவை. கூத்தன் கூறும் விருந்தோம்பல் வந்தவரின் பணிவை நம்பி அமைந்தது. மலைக்கு வருபவர் அங்குள்ளோரைத் தாழ்வாக எண்ணுவதற்கு அப்பாட்டில் ஓரிடமும் இல்லை.

காட்டு வழியில் நடுகற்கள் பல உண்டு என்கிறது நூல். போரில் பின்வாங்க நாணி உயிர் கொடுத்தவர்களின் பெயர் பொறித்து நட்ட கற்கள் அவை. அவற்றின் முன் உங்கள் இசையை எழுப்பி வழிபட்டு விரைந்து செல்லுங்கள் என்பது கூத்தன் கூற்று. இது வெறும் கற்பனையோ என்று ஐயுற்றவர்களுக்குச் செங்கம் வட்டாரமே விடை தந்தது. பல்லவர் காலம் முதலான நடுகற்கள் ஏராளமாக இங்குக் கண்டறியப்பட்டன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் அவற்றைச் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. அவற்றுள் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல், வீரனோடு அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாயையும் நினைவுகூர்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்தவர்கள் இப்பகுதி மக்கள்.

இந்நூலில் பலரும் படித்துவிட்டுக் கடந்துபோகும் அறிவுரை ஒன்று உண்டு. வழிகள் பலவாகப் பிரியும் இடத்தில், தவறான தடத்தைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். அவர்கள் பசித்தவர்கள், பரிசிலை எண்ணி விரைபவர்கள். ஆயினும் தமக்குப் பின் அவ்வழியே வரப்போகும் முகம் அறியாத ஒருவனுக்காக நின்று குனிந்து புல் முடிய வேண்டும். முடிந்த புல்லில் அவர்கள் பெயர் எழுதப்படப் போவதில்லை. பெயர் பொறித்த கல்லையும் பெயரற்ற புல்முடிச்சையும் ஒரே பாட்டில் வைத்த புலவரின் உள்ளம் வியப்புக்குரியது.

இன்றைய மலைப்பாதையிலும் முன் சென்றவர் விட்டுச் சென்ற அடையாளங்கள் உள்ளன. தண்ணீர்ப் புட்டிகளும் நெகிழிப் பைகளும் அவற்றுள் மிகுதி. அணைக்காமல் விட்ட கற்பூரச் சுடர் கோடையில் காய்ந்த புல்லைப் பற்றினால் காடே எரியும். நஞ்சைத் தன் மிடற்றில் நிறுத்தி உலகிற்கு அது செல்லாமல் காத்த பெருமானைக் காண ஏறுவோர், அவன் மலையில் நஞ்சைப் பரப்பி இறங்குவது எவ்வகை வழிபாடு ஆகும்?

திருமுருகாற்றுப்படை பதினொராம் திருமுறையில் சேர்க்கப்பட்டு இன்றும் இல்லங்களில் பாராயணம் செய்யப்படுகிறது. அதே பத்துப்பாட்டைச் சேர்ந்த மலைபடுகடாம் தேர்வுக்குப் படிப்போரிடமும் புலவரிடமும் நின்றுவிட்டது, இது வருந்தத்தக்கதே. ஓலைச்சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை 1889-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்ததால் அது நமக்குக் கிடைத்தது. மலை ஏறும் முன் ஒருமுறை உரையுடன் அதைப் படித்தால், பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் வேறாகத் தோன்றும்.

பர்வதமலைக்குத் தென்மகாதேவமங்கலத்திலிருந்தும் கடலாடியிலிருந்தும் பாதைகள் உள்ளன. பௌர்ணமியிலும் மகா சிவராத்திரியிலும் கூட்டம் மிகுதி. முதன்முறை வருவோர் விடியற்காலையில் ஏறத் தொடங்கி, பொழுது சாயுமுன் இறங்குவது நலம். குடிநீரைக் கையோடு எடுத்துச் சென்று, வெறும் புட்டியைக் கையோடு திருப்பிக் கொண்டுவருக. பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருபவர் தயங்கி நின்றால், அவர் வந்து சேரும்வரை சற்றுக் காத்திருந்து வழியைச் சுட்டிவிட்டு மேலே செல்க.