தனி நாடு கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்தபோது...

புது தில்லி: தனி நாடு கேட்டு 20 ஆண்டுகள் ஆயுதம் ஏந்திய ஓர் இயக்கம், அரசுடன் சமாதானம் செய்துகொண்ட எட்டு மாதங்களுக்குள் தேர்தலில் வென்று ஆட்சியைப் பிடித்தது. 1987 பிப்ரவரியில் மிசோரமில் நிகழ்ந்த இம்மாற்றத்துக்கு இணையான ஒன்றைச் சுதந்திர இந்தியாவின் வரலாற்றில் காண்பது அரிது.

வடகிழக்கில் கையெழுத்தான சமாதான உடன்பாடுகள் பல. அவற்றுள் மிசோ உடன்பாடே நிலைத்து நிற்பதாகக் கருதப்படுகிறது. அது நிலைத்ததற்கான காரணத்தை அந்தத் தேர்தல் வெற்றியில் மட்டும் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். மறு பாதி, அதையடுத்து வந்த தோல்வியில் இருக்கிறது.

எலிகள் தொடங்கிவைத்த கிளர்ச்சி

மிசோ மலைப்பகுதி அன்று அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டம். அங்குள்ள மூங்கில் காடுகள் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூக்கும். மூங்கில் கனிகளைத் தின்று பெருகும் எலிகள், பின்னர் வயல்களையும் நெற்குதிர்களையும் சூறையாடும். "மௌதாம்' என மிசோக்கள் அழைக்கும் இப்பேரிடர் 1959-ல் நேர்ந்தது. பஞ்சம் வரும் என்ற எச்சரிக்கையை அசாம் அரசு பொருட்படுத்தவில்லை. நிவாரணமும் போதிய அளவில் வந்து சேரவில்லை. 1960-ல் அசாமிய மொழி ஆட்சிமொழியாக்கப்பட்டது கசப்பை மேலும் வளர்த்தது.

ராணுவத்தில் பணியாற்றிவிட்டுப் பின்னர் மாவட்டக் கவுன்சிலில் எழுத்தராக இருந்தவர் லால்டெங்கா. பஞ்ச நிவாரணத்துக்காக அவர் நடத்திவந்த அமைப்பே, 1961 அக்டோபரில் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சியாக உருவெடுத்தது. தனி நாடு என்பதே அதன் குறிக்கோள்.

1966 பிப்ரவரி 28-ம் தேதி இரவு அரசு நிலைகள் மீது தாக்குதல் தொடங்கியது. மறுநாள் சுதந்திரப் பிரகடனம் வெளியிடப்பட்டது. மார்ச் 5-ம் தேதி அய்ஜால் நகர் மீது இந்திய விமானப்படை குண்டு வீசியது. அடுத்த ஆண்டு முதல் பல நூறு கிராமங்கள் காலி செய்யப்பட்டு, மக்கள் பாதுகாப்புப் படைகளின் கண்காணிப்பில் இருந்த குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். கிழக்கு பாகிஸ்தானில் தளம் அமைத்திருந்த லால்டெங்கா, 1971-ல் வங்கதேசம் உருவானதும் அந்தப் புகலிடத்தை இழந்தார்.

உறுதிமொழி என்னும் வாசல்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தனி நாட்டுக் கோரிக்கையை வெளிப்படையாக முன்வைத்த பார்ட்டி கியூபெக்குவா கட்சி 1976 தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தது. 1980-ல் அக்கோரிக்கை மீது பொதுவாக்கெடுப்பு நடத்தித் தோற்றது. தோற்ற பிறகும் 1981 தேர்தலில் மீண்டும் வென்றது.

இந்தியாவில் அத்தகைய வழி இல்லை. 1963-ல் நிறைவேறிய அரசியலமைப்புச் சட்டத்தின் 16-வது திருத்தத்தின்படி, தேர்தலில் நிற்கும் வேட்பாளரே நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டும். இத்திருத்தம் வந்த சூழலில்தான் அண்ணாவின் தலைமையில் திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டு, 1967-ல் தமிழகத்தில் ஆட்சிக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

திமுக தேர்தல் பாதையில் இருந்தபடியே அந்த வாசலைக் கடந்தது. மிசோ தேசிய முன்னணியோ 20 ஆண்டு காட்டுப் போருக்குப் பின் அதே வாசலுக்கு வந்து சேர்ந்தது.

விட்டுக்கொடுத்தவர்கள்

1976-ல் தொடங்கிய பேச்சுவார்த்தைகள் பலமுறை முறிந்தன. முடிவில், ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது 1986 ஜூன் 30-ம் தேதி தில்லியில் உடன்பாடு கையெழுத்தானது. தனி நாட்டுக் கோரிக்கையை லால்டெங்கா கைவிட்டார். 1972 முதல் யூனியன் பிரதேசமாக இருந்த மிசோரமுக்கு மாநிலத் தகுதி வழங்க மத்திய அரசு இசைந்தது. மிசோக்களின் சமய, சமூக வழக்கங்கள், மரபுச் சட்டம், நில உரிமை ஆகியவை தொடர்பான நாடாளுமன்றச் சட்டங்கள் மாநிலப் பேரவையின் ஒப்புதலின்றிச் செல்லாது என 371-ஜி பிரிவு சேர்க்கப்பட்டது. அண்டை மாநிலங்களில் மிசோக்கள் வாழும் பகுதிகளை இணைக்கும் கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை.

இந்த உடன்பாட்டில் மற்றொருவரின் பங்கும் உண்டு. அப்போது முதல்வராக இருந்த காங்கிரஸ் தலைவர் லால் தன்ஹாவ்லா பதவி விலகி, லால்டெங்காவின் கீழ் துணை முதல்வராகப் பணியாற்ற முன்வந்தார். 1986 ஆகஸ்டில் லால்டெங்கா முதல்வரானார். 1966-ல் இந்தியாவிலிருந்து பிரிவதாக அறிவித்தவர், அதே இந்தியாவின் இறையாண்மையைக் காப்பதாக உறுதிமொழி ஏற்றார்.

1987 பிப்ரவரி 16-ம் தேதி நடந்த தேர்தலில் மொத்தமுள்ள 40 இடங்களில் முன்னணியினர் 24 இடங்களில் வென்றனர். காங்கிரஸுக்கு 13 இடங்கள் கிடைத்தன. நான்கு நாள்கள் கழித்து, நாட்டின் 23-வது மாநிலமாக மிசோரம் உதயமானது.

வெற்றிக்குப் பின் வந்த சோதனை

ஆனால், அந்த ஆட்சி நீடிக்கவில்லை. கட்சித் தாவலால் பெரும்பான்மையை இழந்து, 1988 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஆட்சி அமலுக்கு வந்தது. 1989 ஜனவரியில் நடந்த தேர்தலில் காங்கிரஸ் 23 இடங்களைப் பிடித்தது; முன்னணிக்கு 14 இடங்களே கிடைத்தன. லால் தன்ஹாவ்லா மீண்டும் முதல்வரானார்.

உடன்பாட்டின் உண்மையான சோதனை அதுவே. ஆயுதங்களை ஒப்படைத்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. காட்டு வழிகள் அனைத்தையும் அறிந்த வீரர்கள் ஊர்களில் இருந்தனர். ஏமாற்றப்பட்டோம் என்று கூறி மீண்டும் காட்டுக்குச் செல்வது அவர்களுக்கு அரிதான செயல் அல்ல. இருந்தும் முன்னணி எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. 1990 ஜூலையில் லால்டெங்கா லண்டனில் காலமான பிறகும் நிலைமை மாறவில்லை. அவரது செயலராக இருந்த ஜோரம்தாங்கா கட்சித் தலைமையை ஏற்று, 1998 தேர்தலில் வென்று பத்தாண்டுகள் முதல்வராக இருந்தார்.

அவரது ஆட்சியின் பிற்பகுதியில் மூங்கில்கள் மீண்டும் பூத்தன. இம்முறை முன்கூட்டியே திட்டம் தீட்டப்பட்டது. எலி வாலுக்கு வெகுமதியும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், மௌதாமால் பிறந்த கட்சி 2008 தேர்தலில் 3 இடங்களுக்குச் சுருங்கியது. அரை நூற்றாண்டுக்கு முன் கிளர்ச்சிக்கு வித்திட்ட அதே இடர், இப்போது அரசை எடைபோடும் தேர்தல் பிரச்சினைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது. 2018-ல் 26 இடங்களுடன் ஆட்சிக்குத் திரும்பிய முன்னணி, 2023-ல் 10 இடங்களுடன் ஜோரம் மக்கள் இயக்கத்திடம் ஆட்சியை ஒப்படைத்தது.

தில்லிக்கு ஒரு பாடம்

மிசோரமின் அமைதி குறையற்றது என்று கூறிவிட இயலாது. 1997-ல் புரூ பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் திரிபுராவுக்குத் தஞ்சம் புகுந்தனர். அவர்களை அங்கேயே குடியமர்த்தும் உடன்பாடு 2020-ல்தான் ஏற்பட்டது.

நாகா அமைப்புடன் 1997-ல் போர்நிறுத்தமும், 2015-ல் கட்டமைப்பு உடன்பாடும் ஏற்பட்டன. இறுதித் தீர்வு இன்னும் எட்டப்படவில்லை. தனிக் கொடி, தனி அரசியலமைப்பு என்ற கோரிக்கைகளில் அது முட்டி நிற்கிறது. கையெழுத்திடும் நாளைப் பற்றியே பேசப்படும் இச்சூழலில் மிசோரமின் அனுபவம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. ஆயுதத்தைக் கீழே வைப்பவருக்கு ஆட்சிக்கு வரும் வாய்ப்பு உண்டா? ஒருமுறை தோற்றால், மீண்டும் வெல்ல முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்குமா? மிசோரமில் இவ்விரண்டும் இருந்தன. அதனால்தான் 1989-ல் தோற்றவர்கள், அடுத்த தேர்தலுக்காகக் காத்திருந்தனர்.