பம்ப் ஓடுது, தண்ணி வரலை

இங்கிலாந்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் கேரவனில் போயிருக்கிறார். படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவன் அல்ல. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. திடலில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பிடித்து வைத்து, சிங்க் குழாயைத் திறந்தால் பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து வண்டிக்காரர் வந்து பார்த்தார். பம்பைக் கழற்றவில்லை, ஸ்பானரைத் தொடவில்லை. தண்ணீருக்குள் வைத்தபடியே சாய்த்து நாலு குலுக்கு குலுக்கினார். குமிழிகள் மேலே வந்தன, உள்ளே குழாய் கொட்டத் தொடங்கியது. “குலுக்கினால் சரியாகிவிடும் என்றால் அது என்ன கோளாறு?” என்று கேட்டு எழுதியிருக்கிறார் வாசகர்.

அதைக் கோளாறு என்றே சொல்ல முடியாது. அந்தப் பம்பில் எதுவும் கெட்டுப்போகவில்லை. கேரவனில் தண்ணீர் வராத நாட்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பொருள் நன்றாகவே இருக்கும், தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கும்.

பிரிட்டனில் காரால் இழுக்கும் கேரவன்களில் பலவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டி வண்டிக்குள் கிடையாது. வெளியே தரையில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், 40 லிட்டர் பிடிக்கும். கைப்பிடியை மாட்டித் திடலின் பொதுக்குழாய்வரை உருட்டிப்போய், நிரப்பி, உருட்டியே கொண்டுவந்துவிடலாம். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சாக்கெட். அதில் செருகும் ஹோஸின் மறுமுனையில் டார்ச்லைட் பருமனில் ஒரு நீர்மூழ்கி பம்ப், 12 வோல்ட்டில் ஓடுவது. அதைப் பீப்பாய்க்குள் இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து விரல் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாய்கள் சிங்குக்கும் ஷவருக்கும் வெந்நீர் ஹீட்டருக்கும் போகின்றன. கழிவுநீருக்கு இன்னொரு பீப்பாய். ஒரு வீட்டின் கிணறு, மோட்டார், மேல்தொட்டி, சாக்கடை எல்லாம் இவ்வளவில் அடங்கிவிடுகின்றன.

பம்புக்குள் இருப்பது இம்பெல்லர் என்ற சின்ன இறக்கைச் சக்கரம். நடுவில் நுழையும் தண்ணீரைச் சுழற்றி விளிம்புக்கு வீசுகிறது. வீசிய வேகம் கூட்டுக்குள் அழுத்தமாக மாறித் தண்ணீரை ஹோஸில் ஏற்றுகிறது. இதில் ஓர் அழகு உண்டு. இம்பெல்லர் தன்னிடம் வந்தது எதுவானாலும் ஒரே வேகத்தில்தான் வீசும், அது தண்ணீரானாலும் சரி, காற்றானாலும் சரி. ஒரே வேகத்தில் வீசியது ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். பம்ப் விற்பவர்கள் அதன் பலத்தை ‘ஹெட் இத்தனை மீட்டர்’ என்று உயரத்தில் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. 10 மீட்டர் ஹெட் உள்ள பம்ப் தண்ணீரை 10 மீட்டருக்குத் தூக்கும். உள்ளே காற்று நிரம்பியிருந்தால் காற்றையும் அதே 10 மீட்டருக்குத் தூக்கும்.

ஆனால் 10 மீட்டர் காற்று எவ்வளவு கனம்? ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. அதே அளவு காற்று சுமார் 1.2 கிலோ. 10 மீட்டர் உயரக் காற்று தரும் அழுத்தமும் 12 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தமும் ஒன்றுதான். தரையில் கிடக்கும் பீப்பாயிலிருந்து சிங்க் குழாய் ஒரு மீட்டருக்கு மேல் உயரம். பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தாலும், மோட்டார் முழு வேகத்தில் சுற்றினாலும், வயிற்றில் காற்றோடு நிற்கும் பம்புக்கு அந்த 12 மில்லிமீட்டருக்கு மேல் பலமில்லை.

மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் போதாமல் கெட்டியாக ஓடும்போது, பிளேடு தன்னைச் சுற்றியிருந்ததையெல்லாம் ஜாரின் சுவரில் அப்பிவிட்டு நடுவில் வெறும் காற்றில் சுற்றும். உறுமிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று கீச்சென்று ஏறும். சுமை போனதால் மோட்டார் வேகம் பிடித்துவிட்டது. கேரவன் பம்பிலும் அப்படியே. சுழற்சி கனமானதை விளிம்புக்குத் தள்ளி, லேசானதை நடுவுக்கு ஒதுக்கும். குமிழி இம்பெல்லரின் நடுவில் போய்க் குடியேறிவிடும், அங்கிருந்து அசையாது. சத்தமும் அதேபோல் ஏறும். ஜாரை எடுத்துத் தட்டுவது போலத்தான் பம்பைப் பீப்பாயின் சுவரில் மெல்லத் தட்டுவது. மிக்ஸியின் திருகை விட்டுவிட்டுத் திருப்பி ஓட்டுகிறோமே, அதற்கும் இங்கே இணை உண்டு: பம்பை அணைத்து அணைத்துப் போட்டால், சுழற்சி நின்ற நொடியில் குமிழியை நடுவில் பிடித்துவைக்க எதுவுமில்லாமல் அது நழுவிப்போக வாய்ப்புக் கிடைக்கிறது. வெறும் ஜாரை ஓட்டினால் அடியிலுள்ள புஷ் சூடாகிக் கெடுவது போல, காலிப் பீப்பாயில் ஓடும் பம்பின் சீலும் கெடும். அதற்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தண்ணீரே தருகிறது. சட்னிக்கு உப்பு பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாம் பொருந்துகிறது.

குமிழி உள்ளே வந்தது எப்படி? பீப்பாயை நிரப்பப் பம்பை வெளியே எடுக்கிறோம். அதன் அறையில் காற்று புகுகிறது. திரும்ப இறக்கும்போது அந்தக் காற்று மேலே போக வேண்டும். மேலே ஹோஸில் பழைய தண்ணீர் நிற்கிறது, ஒருவழி வால்வு மூடியிருக்கிறது, வண்டிக்குள் குழாய்களும் மூடியிருக்கின்றன. மிச்சமிருக்கும் ஒரே வழி பம்பின் கீழ்வாய். காற்று தானாகக் கீழே இறங்காது. சாய்த்துக் குலுக்கினால் வாய் மேல்பக்கம் திரும்பி அதற்கு வழி கிடைக்கும். பக்கத்து வண்டிக்காரர் செய்தது அதுதான்.

நம் ஊரில் கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டாருக்கும் இதே நோய்தான். ஃபுட் வால்வு கசிந்து இரவில் தண்ணீர் இறங்கிவிட்டால் காலையில் மோட்டார் வெறுமனே ஓடும். பிளம்பர் குடத் தண்ணீரை ஊற்றி ‘ஏர் எடுத்து’ விடுவார். கேரவனில் பம்பே தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது என்பதால் காற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வரலாற்றுக்கு ஒரு பத்தி. ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885-இல் பிரிஸ்டலில் கட்டவைத்த ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியை உல்லாசப் பயணக் கேரவன்களின் மூதாதை என்கிறார்கள். பம்ப் அதைவிட மூத்தது. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் ஜான் அப்போல்ட் வளைந்த இறக்கைகள் கொண்ட மையவிலக்கு பம்பை ஓட்டிக் காட்டினார். நேர் இறக்கைப் பம்புகளைவிட அதன் திறன் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

அடுத்த குழப்பம், ஓடியும் தண்ணீர் தராத பம்புக்கு நேர் எதிரானது. குழாயை மூடிய பிறகும் பம்ப் நிற்காமல் ஓடும். பல கேரவன்களில் பம்பை ஆட்டுவிப்பது பிரஷர் சுவிட்ச். குழாயைத் திறந்தால் அழுத்தம் விழும், சுவிட்ச் பம்பை ஓட்டும். மூடினால் அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் சுவிட்ச் அணைக்கும். அந்த அளவைத் தொடவே முடியாவிட்டால்? இம்பெல்லர் தரும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 11 வோல்ட்டுக்கு இறங்கினால் மோட்டாரின் வேகம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறையும். அழுத்தமோ கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறையும். சுவிட்ச் எதிர்பார்க்கும் அளவுக்குக் கொஞ்சம் கீழேயே பம்ப் மூச்சுப்பிடித்து ஓடிக்கொண்டிருக்கும், பேட்டரி இன்னும் இறங்கும். பலர் இந்த இடத்தில் புதுப் பம்ப் வாங்குகிறார்கள். அதற்கு முன் வண்டியைத் திடலின் மின் இணைப்பில் மாட்டிப் பார்க்க வேண்டும். பம்ப் உடனே நின்றால் நோய் பேட்டரியில். நிற்காவிட்டால் சாக்கெட்டின் முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில்தான் சுவிட்சைத் திருத்தும் திருகாணி.

இதன் இன்னொரு முகம் நள்ளிரவில் தெரியும். யாரும் குழாயைத் தொடாதபோது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பம்ப் ‘டுர்’ என்று ஒரு நொடி ஓடி நிற்கும். எங்கோ அழுத்தம் கசிகிறது: சொட்டும் குழாய், தளர்ந்த இணைப்பு, தேய்ந்த ரப்பர் வளையம், அல்லது தண்ணீரைப் பீப்பாய்க்கே திருப்பி விடும் ஒருவழி வால்வு. வண்டிக்குள் எங்கும் ஈரமில்லை என்றால் வால்வையும் செருகியின் வளையங்களையும் முதலில் பார்க்கலாம். பழைய வண்டிகளில் பிரஷர் சுவிட்சுக்குப் பதில் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு மைக்ரோசுவிட்ச் இருக்கும். ஒரு குழாய் மட்டும் சண்டித்தனம் செய்து மற்றவை ஓடினால் குற்றவாளி அந்தக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது.

வண்டிக்குள் தொட்டி வைத்த கேரவன்களில் வேறு வகைப் பம்ப் உண்டு. ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, அறையைப் பெருக்கியும் சுருக்கியும் தண்ணீரை இழுக்கும் டயாஃப்ரம் பம்ப். இது வீசுவதில்லை, அளந்து தள்ளுகிறது. ஆகவே காற்றையும் வெளியேற்றித் தானே தண்ணீர் இழுத்துக்கொள்ளும். இதில் வரும் கோளாறு இன்னும் சுவையானது. குழாய் துப்பித் துப்பித் தண்ணீர் விடும், ஆனால் எங்கு தேடினாலும் கசிவு தெரியாது. பம்புக்கு முந்தைய பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால், பம்ப் ஓடும்போது தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அந்தப் பகுதியிலுள்ள வடிகட்டிக் கிண்ணத்தின் மூடியைக் கால் திருகு இறுக்கினால் பல நேரம் தீர்ந்துவிடும்.

இவ்வளவு எளிய பொருளைச் சுற்றி ஏராளமான விற்பனைப் பேச்சு. தொட்டி மட்டத்தைச் செல்பேசியில் காட்டும் கருவி பீப்பாயின் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. குழாயில் காந்தத்தை மாட்டினால் உப்புப் படியாது என்ற வாக்குறுதிக்கு உறுதியான ஆதாரம் இல்லை. “பெரிய பம்ப் போட்டால் ஷவர் கொட்டும்” என்பதும் பாதி உண்மையே. குறுகிய குழாயில் உராய்வு ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். தண்ணீர் இரண்டு மடங்கு வர ஏறக்குறைய நாலு மடங்கு அழுத்தம் வேண்டும். அந்தக் காசுக்கு ஷவர் தலையின் துளைகளில் படிந்த சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்து எடுத்தால் கூடுதல் பலன் கிடைக்கும். புது வண்டியில் வெந்நீர்க் குழாய் முதலில் வெறும் காற்றாகச் சீறுவதும் பழுதல்ல. ஹீட்டர் பத்து லிட்டர் பிடிக்கும் என்றால், அந்தப் பத்து லிட்டர் காற்றும் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

குளிர் வந்தால் கதை மாறும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அதைத் தாங்காமல் வெடிப்பது ஹீட்டரும் ஷவர் குழாயும். அதற்காகவே ட்ரூமா நிறுவனத்தின் ஹீட்டர்களில் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் என்ற வால்வு வைக்கிறார்கள். வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கியதும் அது தானே திறந்து ஹீட்டரிலுள்ள தண்ணீரை வண்டிக்கு அடியில் கொட்டிவிடும். மார்ச் மாத இரவில் அது திறந்துகொண்டால், அழுத்தம் விழுந்ததைக் கண்டு பம்பும் ஓடத் தொடங்கி பீப்பாயையும் காலி செய்துவிடும். காலையில் வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்து ஹீட்டர் ஓட்டையாகிவிட்டது என்று முடிவுகட்டத் தேவையில்லை. பம்பை அணைத்து, கேரவனுக்குள் சூடேற்றி, வால்வைச் சுற்றி 7 டிகிரியைத் தாண்டியபின் கையால் மூடினால் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் எத்தனை முறை அழுத்தினாலும் திறந்துகொள்ளும். குளிர்காலம் முழுக்க நிறுத்திவைப்பதானால் எல்லாக் குழாய்களையும் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் நடுவில் வைத்துத் திறந்தேவிட வேண்டும். ஷவர் தலையைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தாழ்வாகக் கிடத்துவதை மறக்கக்கூடாது. அந்த ஹோஸின் வளைவில் தேங்கும் ஒரு கை தண்ணீர் உறைந்தே ஷவர் குழாய் விரிசல் விடும்.