உங்களுக்குத் தெரியுமா? ஒரு வீடு, மூன்று கொடிகள்

ஐரோலியிலிருந்து தாணேயில் ரயில் மாறி சி.எஸ்.எம்.டி. வந்தால், டவுன்ஹாலுக்குப் பின்னால் கடற்படையின் ஐ.என்.எஸ். ஆங்ரே வளாகம். மும்பையின் தொடக்ககால ஐரோப்பிய மாளிகை ஒன்று நின்ற இடம் அது.

கட்டியவர் கார்சியா த ஓர்த்தா என்ற போர்ச்சுக்கீசிய மருத்துவர். 1554 வாக்கில் மும்பைத் தீவையே குத்தகைக்கு எடுத்தவர். இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் கோவாவில் நூல் அச்சிட்டார்; தன் தீவில் ஆண்டுக்கு இருமுறை காய்த்த மாமரத்தையும் அதில் மறக்காமல் சொன்னார். ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றினார் என்று சொல்லி, இறந்து 12 ஆண்டுகள் கழித்து அவரது எலும்புகளைத் தோண்டி எரித்தது மதவிசாரணை மன்றம். எவ்வளவு பெரிய கொடுமை!

பின்னர் வீடு தோனா இனேஸ் த மிராண்டா என்ற பெண்மணியிடம் இருந்தது. போர்ச்சுக்கல் இளவரசியின் சீதனமாக மும்பை ஆங்கிலேய மன்னருக்குப் போனபோது, 1665 பிப்ரவரி 18 அன்று ஒப்படைப்புப் பத்திரம் கையெழுத்தானது இந்த வீட்டில்தான். ஆங்கிலேயர் தரப்பில் ஹம்ப்ரி குக் என்பவர் தீவைப் பெற்றுக்கொண்டார்.

1668இல் மன்னர் தீவையே ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டார். மாளிகையில் ஆளுநர்கள் குடியேறினர். அதைச் சுற்றி எழுந்த மதில்தான் பம்பாய்க் கோட்டை.

வீடு மிஞ்சவில்லை. கோட்டை வாயிலும் மதிலின் பகுதிகளும் இன்றும் கடற்படையின் காவலில் நிற்கின்றன.